குவிந்த வாய்க் கத்தியில் கூர் ஏறாவிட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பக்கம் இரண்டும் பூசணி விதையைப் போல மெல்ல உப்பி வந்து ஒரே கோட்டில் சேரும் வாயைத்தான் இங்கே குவிந்த வாய் என்கிறோம். கத்திப் பிரியர்கள் கான்வெக்ஸ் என்பார்கள். நேபாளத்துக் குக்ரி, சுவீடனின் ஃபால்க்னிவன் எஃப்1, அமெரிக்காவில் எஸ்கனாபாவில் செய்யும் பார்க் ரிவர் கத்திகள், கையால் தீட்டித் தீட்டி உருண்டுபோன நம் ஊர் வெட்டரிவாள், கொடுவாள் எல்லாம் இந்த வகை. சுவீடனின் மோரா போல அகலமான தட்டைச் சரிவு உள்ள கத்திகளுக்கு இந்த முறை ஆகாது. அவற்றை இப்படித் தீட்டினால் சரிவு உருண்டு வேறு கத்தியாகிவிடும்.

குவிந்த வாயில் வரும் கோளாறு பெரும்பாலும் இரண்டில் ஒன்று. தேய்ப்பு விளிம்புவரை போயிருக்காது; அல்லது அழுத்தம் கூடி விளிம்பே உருண்டிருக்கும். எஃகைக் குறை சொல்வதும் புதுக் கல் வாங்குவதும் இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான்.

## கையில் இருக்க வேண்டியவை

பெயின்ட் கடையில் கிடைக்கும் கறுப்பு வாட்டர் பேப்பர், 220, 400, 600, 1000, 2000 எண்களில் தலா ஒரு தாள் (எண் கூடக் கூட மணி நைஸ்; அறிகுறி 4, 5-க்கு 120-உம் வேண்டும்). மரத்துக்குப் போடும் உப்புத்தாள் வேண்டாம்; எஃகில் அதன் மணி சீக்கிரம் உதிர்ந்துவிடும். அடியில் விரிக்க 3 மி.மீ. தடிமனில் பழைய மவுஸ்பேட் அல்லது ரப்பர் ஷீட், அதற்கும் அடியில் ஆடாத பலகை, தாளை நகராமல் பிடிக்க இரண்டு கிளிப். பலகையில் ஒட்டிய ஒரு துண்டுத் தோல் (பழைய பெல்ட் போதும்), அதில் தேய்க்கப் பாலிஷ் சாமான் கடையில் விற்கும் பச்சைக் கட்டி. கறுப்பு பெர்மனன்ட் மார்க்கர். நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லூப் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

மெத்தென்ற அடிப்பரப்பு புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. பனையேறிகள் பாளை அரிவாளை மரப்பலகையில் கல்பொடி தூவித் தீட்டுவதும் இதே வேலைதான். கல்லைவிட இளகிய பரப்பு வாயின் உப்பலோடு ஒத்துப்போகிறது.

## எந்தக் கோளாறுக்கும் முதலில் செய்யும் மூன்று சோதனைகள்

வெளிச்சம்: டார்ச்சுக்கு நேர் கீழே வாயை மேல்நோக்கிப் பிடித்து, விளிம்பை நேராகப் பாருங்கள். கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், பொக்கை விழுந்த (துண்டு உடைந்துபோன) இடம் புள்ளியாக மின்னும்.

மை: வாயின் இரு பக்கமும் விளிம்பிலிருந்து 5 மி.மீ. உயரத்துக்கு மார்க்கரால் பூசி, 600 தாளில் பக்கத்துக்கு மூன்று இழுப்பு. மை அழிந்த இடத்தில்தான் நீங்கள் தீட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிசிர்: முதுகிலிருந்து வாயை நோக்கிக் கட்டைவிரலைக் குறுக்காக வழியவிடுங்கள். வாய் நெடுகிலும் விரலை ஓட்டாதீர்கள். மறுபக்கம் மடிந்த மெல்லிய உலோகச் சுருள் தடுக்கினால் அது பிசிர். விரலை நம்பாதவர்கள் பஞ்சால் தடவலாம். பிசிர் இருந்தால் நூல் சிக்கும்.

இழுப்பின் முறை எல்லா இடத்திலும் ஒன்றே. முதுகு முன்னே போக, வாய் பின்னே வர வேண்டும். வாயை முன்னே தள்ளினால் தாள் கிழியும், விளிம்பும் கெடும். மெத்தை அமுங்கி விளிம்புக்குப் பின்னால் எழும்புவதால், வேண்டிய கோணத்தைவிட 3 முதல் 5 டிகிரி தாழ்வாகப் பிடியுங்கள். 30 மி.மீ. அகலக் கத்தியில் பக்கத்துக்கு 20 டிகிரி வேண்டுமென்றால் முதுகு தாளிலிருந்து 8 அல்லது 9 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். 50 மி.மீ. அகலக் கொடுவாளில் 25 டிகிரிக்கு 17 முதல் 19 மி.மீ. வரை.

## அறிகுறி 1: எவ்வளவு தீட்டியும் கூர் ஏறவில்லை

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். மைச் சோதனையின் முடிவைப் பொறுத்து வழி மூன்றாகப் பிரியும்.

### விளிம்பில் மை அப்படியே இருக்கிறது, மேலே மட்டும் அழிந்திருக்கிறது

கோணம் தாழ்ந்துவிட்டது. விளிம்புக்குச் சற்று மேலே உப்பியிருக்கும் பகுதி, அதாவது தோள், தேய்கிறது, விளிம்பு தேயவில்லை. மணிக்கணக்கில் தேய்த்தாலும் கத்தி பளபளக்குமே தவிர வெட்டாது.

முதுகை 1 மி.மீ. உயர்த்தி மறுபடி மை பூசி மூன்று இழுப்பு. விளிம்பு மை அழியும்வரை 1 மி.மீ. வீதம் ஏற்றிக்கொண்டே போங்கள். அழிந்த உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதி வையுங்கள். அடுத்த தடவை தேட வேண்டாம். அளவில் கை நிற்காதவர்கள் அந்த உயரத்துக்கு ஒரு மரக்கட்டையைச் சீவி, ஒவ்வொரு பத்து இழுப்புக்கும் முதுகடியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதுகை மிகவும் உயர்த்திய பிறகுதான் மை அழிகிறது என்றால் தோள் தடித்துவிட்டது. அறிகுறி 5-க்குப் போங்கள்.

### விளிம்பில் மை அழிகிறது, ஆனால் பிசிர் எழவில்லை

எளிய காரணத்திலிருந்து பாருங்கள். தாள் செத்திருக்கலாம்: வாட்டர் பேப்பரின் மணி சீக்கிரம் உடையும், ஐம்பது அறுபது இழுப்பிலேயே 220 தாள் 400 போல நடந்துகொள்ளும். புதுத் துண்டுக்கு மாறுங்கள். தாள் புதிதாக இருந்தும் கறுத்து அடைத்திருந்தால் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

அடுத்து, தொடங்கிய எண் மிக நைஸ். வெள்ளைக் கோடு தெரியும் அளவுக்கு மழுங்கிய வாயை 1000-இல் தொடங்கக் கூடாது. 220-இல் ஒரு பக்கம் 15 இழுப்பு, சோதனை, மறுபடி 15. வாய் முழு நீளத்துக்கும் பிசிர் எழாமல் மறுபக்கம் திருப்பாதீர்கள். பாதியில் திருப்புவதால்தான் நுனியும் பிடியோரமும் எப்போதும் மொட்டையாகவே இருக்கின்றன.

இரண்டும் சரியென்றால் எஃகின் வகையைப் பாருங்கள். வனேடியம் 4 சதவீதம் உள்ள எஸ்30வி, 9 சதவீதம் உள்ள எஸ்90வி போன்றவற்றில் சாதாரணத் தாள் வழுக்கும். அவற்றுக்கு 300, 600 எண் வைரத் தகடு வேண்டும். தகடு வளையாது என்பதால் இழுக்கும்போதே மணிக்கட்டை மெல்ல உருட்டி முதுகை 10-இலிருந்து 20 டிகிரிவரை ஏற்ற வேண்டும். கை பழக நாளாகும். பழைய சமையல் கத்தியில் பழகிவிட்டு வாருங்கள்.

### பிசிர் எழுந்தது, போனது, ஆனாலும் தக்காளித் தோலில் வழுக்குகிறது

உருண்ட விளிம்பு. நன்றாகத் தீட்டத் தெரிந்தவர்களும் விழும் குழி இது. 400 வரை கத்தி நன்றாகக் கடிக்கும். 2000-க்கும் தோலுக்கும் போனதும் மழுங்கும். கை சும்மா இருக்காமல் அழுத்துகிறது, மெத்தை எழும்பி விளிம்பைச் சுற்றிக்கொள்கிறது, கூர் உருண்டு போகிறது.

மெத்தையைச் சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் வைத்து, பூச்சியமாக்கி, ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். 220, 400-இல் அரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. 1000-க்கு மேல் 200 கிராம் போதும். தோலில் அதைவிடக் குறைவு. தராசில் பார்க்கும்வரை யாருக்கும் தாம் அழுத்துவது தெரிவதில்லை. முதல் இழுப்பில் ஒன்றரைக் கிலோ காட்டுவது சாதாரணம்.

அழுத்தம் சரியென்றால் மெத்தையை மாற்றுங்கள். 6 மி.மீ. ஸ்பாஞ்ச் பாய்க்குப் பதில் 2 மி.மீ. ரப்பர், அல்லது பலகைமேல் நான்கு மடிப்புச் செய்தித்தாள். தோலும் அப்படியே: தொட்டால் குழியும் தோல் வேண்டாம், 2 மி.மீ. கெட்டித் தோலைப் பலகையில் இறுக ஒட்டுங்கள்.

அதுவும் சரியென்றால், இழுப்பின் கடைசியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தாள் முடியும் இடத்தில் கத்தியைத் தூக்கும்போது மணிக்கட்டு திரும்பி, விளிம்பு ஒரு கணம் 40 டிகிரியில் உரசும். அந்த ஓர் உரசல் முந்தைய இருபது இழுப்பையும் கெடுக்கும். இழுத்து, நிறுத்தி, பிறகு நேராக மேலே தூக்குங்கள்.

உருண்டதை மீட்க 2000-இலேயே உழைக்க வேண்டாம். 600-க்கு இறங்கி, மறுபடி பிசிர் எழுப்பி, மேலே வாருங்கள்.

## அறிகுறி 2: தீட்டியதும் சவரக்கத்தி, பத்து வெட்டில் மொட்டை

பெரும்பாலும் நீங்கள் பார்த்த கூர் வாயின் கூர் அல்ல, நிமிர்ந்து நின்ற பிசிரின் கூர். கைமுடியை மழிக்கும், காகிதத்தைக் கிழிக்கும்; காய்ந்த மூங்கிலில் வைத்ததும் மடிந்துவிடும்.

பிசிரை ஒடிக்காமல் தேய்த்துக் குறைக்க வேண்டும். 1000 தாளில் பக்கத்துக்கு ஐந்து, பிறகு மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று மாற்றி ஒன்றாகப் பத்து. ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தத்தைக் குறையுங்கள். இன்னும் தடுக்கினால், முதுகை வழக்கத்தைவிட 2 மி.மீ. உயர்த்தி 2000-இல் பக்கத்துக்கு இரண்டே இழுப்பு. பிறகு தோலில் பக்கத்துக்குப் பதினைந்து. சிலர் வாயை மரக்கட்டையின் ஓரத்தில் அறுத்துப் பிசிரைப் பிய்ப்பார்கள். பிசிர் போகும், ஆனால் போன இடம் கிழிந்த காகிதம்போலச் சொரசொரப்பாக நிற்கும். அதன்பின் 1000-இல் சில இழுப்பு தேவை.

பிசிர் இல்லை என்று லூப்பில் உறுதியானால் வாயை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பு ஒரு பக்கம் மடங்கியிருந்தால் அறிகுறி 3. மடங்காமல் ஒரே சீராக மழுங்கினால், வாங்கிய புதிதா என்று யோசியுங்கள். தொழிற்சாலை பெல்ட்டில் கடைசியாகக் கூர் வைக்கும்போது விளிம்பின் மெல்லிய முனை சூடேறி இளகியிருக்கும். இரண்டு மூன்று தடவை தீட்டினால் அந்தப் பகுதி தேய்ந்து, அடியில் இருக்கும் நல்ல எஃகு வெளியே வரும். புதுக் கத்தியைத் திட்டிக் குப்பையில் போடுமுன் மூன்று தடவை பொறுங்கள்.

## அறிகுறி 3: வாய் மடங்குகிறது

நகத்தை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி ஓட்டினால் ஒரு பக்கம் வழுக்கிப் போகும், மறுபக்கம் கொக்கிபோலப் பிடிக்கும். பிசிர் என்றால் முழு நீளமும் ஒரே மாதிரி பிடிக்கும். மடங்கல், வெட்டிய இடத்தில் மட்டும் இருக்கும்.

லேசான மடங்கலுக்குத் தீட்டவே வேண்டாம். வரியில்லாத வழவழப்பான எஃகுக் கம்பியில், வாய்க்கோணத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடித்து, பக்கத்துக்கு ஐந்து ஆறு வருடல், பிறகு தோல். குக்ரியின் உறையில் கூடவே வரும் கூரில்லாத சின்னக் கத்தி, சக்மக், இதற்காகத்தான் இருக்கிறது. அதைப் பொம்மை என்று நினைத்துத் தொலைத்துவிடுகிறார்கள்.

அதே இடம் மறுபடி மறுபடி மடங்கினால் வாய் வேலைக்கு மெலிந்துவிட்டது. 1000 எண் கல்லில் அல்லது கண்ணாடிமேல் வைத்த தாளில், மெத்தை இல்லாமல், 25 டிகிரியில் பக்கத்துக்கு மூன்று நான்கு லேசான இழுப்பு. கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு குட்டிச் சரிவு விழும். குவிந்த வாயின் அழகு கெட்டது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சீமைக்கருவேலம் வெட்டுகிறவருக்கு அழகு இரண்டாம் பட்சம்.

25 டிகிரியிலும் மடங்குகிறதா? புது அரத்தை விளிம்பில் லேசாக ஓட்டுங்கள். வெண்ணெயைப் போலச் சீவினால் எஃகில் தோய்ச்சல் (காய்ச்சி முக்கி ஏற்றும் கெட்டித்தன்மை) இல்லை. இந்தச் சோதனையில் இரண்டு எச்சரிக்கை. ஃபால்க்னிவன் எஃப்1 போன்ற அடுக்கு எஃகுக் கத்தியில் பக்கங்கள் மென்மையான எஃகு, நடுவே ஓடும் விஜி10 என்ற எஃகு மட்டுமே கெட்டி. பக்கத்தில் அரம் கடித்தால் அது குறையல்ல. மரபு முறையில் செய்த குக்ரியில் வயிற்றுப் பகுதிதான் கெட்டி. நுனியும் பிடியோரமும் இளகியே இருக்கும். வெட்டு விழும் இடத்தில் மட்டும் சோதியுங்கள். லாரிப் பட்டையில் அடித்த அரிவாளை அரம் ஓரளவு கடிக்கத்தான் செய்யும். கொஞ்சம்கூட எதிர்ப்பில்லாமல் கடித்தால்தான் கவலை.

ஆளிடம் போகும் கட்டம்: விளிம்பு எதிர்ப்பே இல்லாமல் அரத்துக்குச் சீவுகிறது. அரிவாள், கொடுவாள் என்றால் கொல்லர் பட்டறையில் காய்ச்சி அடித்துத் தோய்ச்சல் ஏற்றி வாங்கலாம். ஸ்டெயின்லெஸ், டி2, விஜி10 கத்திகளைப் பட்டறை உலையில் போடக் கூடாது. அவற்றுக்கு வெப்பநிலை கட்டுப்படுத்தும் அடுப்பு வேண்டும். செய்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்புவது நல்லது.

## அறிகுறி 4: பொக்கை விழுகிறது

பொக்கையின் ஆழத்தை முதலில் அளங்கள். வழி அதைப் பொறுத்தது.

அரை மி.மீ.க்குள் என்றால் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். 220-இல் தொடங்கி வழக்கம்போலத் தீட்டுங்கள். இரண்டு மூன்று தீட்டலில் தானாகக் கரையும். வெட்டும் வேலைக்கு ஒன்றிரண்டு குட்டிப் பொக்கை தடையே இல்லை.

அரை முதல் 2 மி.மீ. வரை: பொக்கை இருக்கும் இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள், வாயில் பள்ளம் விழும். கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, கரகரப்பான கல்லில் வாயை நேராக உரசிப் பொக்கையின் அடிவரை முழு விளிம்பையும் இறக்குங்கள். இப்போது வாய் தட்டையாக, வெளிச்சத்தில் பட்டையாக மின்னும். அந்த மின்னல் மறையும்வரை 120, 220 தாளில் இரு பக்கமும் சம எண்ணிக்கையில் தேய்த்து ஏறுங்கள். ஒரு மணி நேர வேலை. பாதியில் பொறுமை இழந்து கோணத்தை ஏற்றினால் கூர் சீக்கிரம் வரும், கத்தி ஆப்பாகிவிடும்.

2 மி.மீ.க்கு மேல்: பெல்ட் கிரைண்டர் உள்ளவரிடம் கொடுங்கள். கொடுக்குமுன் பொக்கையின் அடியிலிருந்து விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் இருண்ட கோடாகத் தெரியும். விரிசல் முதுகை நோக்கி ஓடினால் அந்தக் கத்தியோடு வேலை முடிந்தது. யாரிடமும் கொடுக்க வேண்டாம், ஓங்கி வெட்டவும் வேண்டாம், முறிந்து பறக்கும்.

பொக்கை திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள். மரத்தில் மாட்டிய கத்தியைப் பக்கவாட்டில் நெம்பி எடுக்கிறீர்களா? பொக்கைக்கு முதல் காரணம் அதுதான். முன்னும் பின்னும் ஆட்டி, வந்த வழியே எடுங்கள். தேங்காய் மட்டையிலும் வேர்களிலும் மணல் ஒட்டியிருக்கும், தட்டிவிட்டு வெட்டுங்கள். காய்ந்த கணுவில் நேராக இறக்காதீர்கள். இவை எல்லாம் சரியென்றால் கோணத்தை 20-இலிருந்து 25-க்கு ஏற்றுங்கள். 25-இலும் கண்ணாடித் துண்டுபோல உடைந்தால் தோய்ச்சல் கொடுத்தபின் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதம் இறக்காமல் விட்டிருக்கிறார்கள். அடுப்பு நெருப்பில் காட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம்; செய்தவரிடமே கொண்டுபோங்கள்.

## அறிகுறி 5: காகிதத்தைச் சீவுகிறது, மரத்தில் இறங்கவில்லை

விளிம்பில் கூர் இருக்கிறது, அதன் பின்னால் தோள் தடித்திருக்கிறது. ஒவ்வொரு தீட்டலிலும் விளிம்பு கொஞ்சம் மேலே, தடித்த பகுதிக்குள் போகிறது. தோளைக் கூடவே குறைக்காவிட்டால் ஓரிரு ஆண்டில் கத்தி ஆப்பாகும். மரத்தைப் பிளக்கும், சீவாது.

வெர்னியர் கேலிப்பரால் விளிம்பிலிருந்து 5 மி.மீ. மேலே தடிமனை அளங்கள். முதுகு 4 மி.மீ. தடிமனுள்ள காட்டுக் கத்தியில் அங்கே 2 மி.மீ.க்கு மேல் போனால் குறைக்க வேண்டும். கொடுவாளுக்கு 3 மி.மீ.வரை விடலாம்.

120 தாளைக் கெட்டி ரப்பர்மேல் விரித்து, விளிம்பிலிருந்து 2 மி.மீ.வரை மை பூசிக்கொள்ளுங்கள். இந்த மை அழியக் கூடாது. அதற்கு மேலே உள்ள தோள்தான் தேய வேண்டும். பக்கத்துக்கு நாற்பது இழுப்பு, அளவு, மறுபடி நாற்பது. போதிய அளவு மெலிந்தபின் 220, 400-இல் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணத்தை ஏற்றி விளிம்போடு கலந்துவிடுங்கள். நகத்தை ஓட்டினால் எங்கும் மேடு தட்டக் கூடாது. ஒரு அடிக்கு மேல் நீளமான கத்தியை இழுப்பதைவிட, முதுகை மரத்துண்டுகளுக்கு நடுவே வைஸில் இறுக்கி, ரப்பர் சுற்றிய கட்டையில் தாளைப் போட்டு அதை நகர்த்துவது எளிது. முதுகிலிருந்து வாயை நோக்கித் தள்ளுங்கள், கையுறை கட்டாயம்.

இதைத் தவிர்க்க ஒரு பழக்கம்: ஐந்து தடவை விளிம்பைத் தீட்டினால் ஆறாவது தடவை தோளுக்கு.

## அறிகுறி 6: சாணை பிடித்து வாங்கியபின் வெட்டு மாறிவிட்டது

### வாயோரம் தட்டையான பட்டை, ஆழமான கோடுகள்

சாணைச் சக்கரம் உப்பலைச் சீவித் தட்டையாக்கிவிட்டது. கெட்டுப்போகவில்லை. பட்டைக்கும் பக்கத்துக்கும் நடுவே உள்ள மேட்டை மையால் குறித்து, 220-இல் 3 மி.மீ. ரப்பர்மேல் அந்த மேட்டை மட்டும் கரையுங்கள். மேடு போனதும் 400 முதல் வழக்கம்போல. அடுத்த தடவை சாணைக்காரரிடம் கொடுப்பதானால் பொக்கையை இறக்க மட்டும் கொடுத்துவிட்டு, வாயை நீங்கள் எடுங்கள்.

### விளிம்பில் நீலமோ ஊதாவோ தெரிகிறது

கார்பன் எஃகில் இளமஞ்சள் 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வரும், பழுப்பு 250-இல், ஊதா 280-இல், நீலம் 300-இல். நீலம் கண்ட இடம் இளகிவிட்டது. தாளால் தேய்த்தால் நிறம் போகும், இளக்கம் போகாது. நிறம் மறைந்துவிட்டதே என்று திருப்பிக் கொடுத்த கத்தியைத்தான் மறுவாரம் மடங்குகிறது என்று கொண்டுவருவார்கள்.

நீலம் விளிம்பில் 1 மி.மீ.க்குள் இருந்தால் கையாலேயே, தண்ணீர் விட்டு, அந்த 1 மி.மீ.யையும் தேய்த்து இறக்கிவிடலாம். நுனி முழுக்கவோ, 3 மி.மீ.க்கு மேலோ என்றால் மறுபடி தோய்ச்சல் ஏற்றுவது ஒன்றே வழி.

பெல்ட் கிரைண்டரில் நீங்களே செய்வதானால் சக்கரத்தின் மேல் வைக்காதீர்கள். பெல்ட் தொய்வாக ஓடும் இடத்தில் வையுங்கள். உப்பல் தானாக விழும். வெறும் விரலால் பிடியுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் வாளித் தண்ணீரில் முக்குங்கள், நுனியில் நிற்காமல் கடந்துவிடுங்கள். விரலுக்குச் சுடாவிட்டாலும் விளிம்பின் மெல்லிய முனை அதற்குள் வெந்திருக்கும். அதனால் கடைசிக் கூரைப் பெல்ட்டில் எடுக்காமல் தாளில் எடுப்பதே பத்திரம்.

## அறிகுறி 7: நுனி உருண்டுவிட்டது, அல்லது வளைவில் மட்டும் கூர் இல்லை

நுனி உருள்வது, இழுப்பு முடியும்போது நுனி தாளின் ஓரத்தில் விழுவதால். நுனி தாளைவிட்டு இறங்குமுன் நிறுத்துங்கள். வயிறு வளையும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்தினால் கோணம் மாறாது. உருண்ட நுனியை வாய்ப்பக்கம் தேய்த்து மீட்காதீர்கள். முதுகுப் பக்கத்திலிருந்து கல்லால் இறக்கினால் வாய் தப்பும்.

அரிவாளின் உள்வளைவில் தட்டைப் பலகை உதவாது. ஒரு அங்குல பிவிசி குழாயில் மெல்லிய ரப்பர் சுற்றி அதன்மேல் தாளைச் சுற்றுங்கள். அரிவாளை நிலையாகப் பிடித்து, குழாயை முதுகிலிருந்து வாயை நோக்கிச் சாய்வாக ஓட்டுங்கள். வளைவு கூடிய அரிவாளுக்கு அரை அங்குலக் குழாய்.

## அறிகுறி 8: தீட்டி வைத்த கத்தி உறையிலிருந்து மொட்டையாக வருகிறது

கத்தியை உருவும்போது வாய் உறையின் உட்பக்கம் உரசுகிறதா என்று காதால் கேளுங்கள். பிளாஸ்டிக் உறையில் கரகரவென்று சத்தம் வந்தால் வாய் ஒவ்வொரு தடவையும் தீட்டப்படுகிறது, தவறான கோணத்தில். முதுகை உறையோடு அணைத்து உருவிப் பழகுங்கள். சத்தம் போகாவிட்டால் வெந்நீர்ப் பாத்திரத்தில் அந்த இடத்தை மட்டும் இளக்கி விரலால் வெளியே தள்ளலாம்.

சத்தமில்லாத தோல் உறை என்றால் துரு. கண்ணுக்குப் பழுப்பு தெரியும் முன்பே விளிம்பை அரித்துவிடும். தோல் ஈரத்தை வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஒரே வாரம் போதும். வாழைப்பாலும் புளியும் பட்ட கார்பன் எஃகு கறுப்பது வேறு. அந்தக் கறுப்பு தீங்கில்லை, தேய்த்து எடுக்க வேண்டாம். செம்பழுப்புப் பொடி மட்டுமே துரு. அதை 2000 தாளில் எண்ணெய் விட்டு எடுத்து, தோலில் இருபது இழுப்பு இழுத்தால் மேலோட்டமான அரிப்பு போகும். விளிம்பில் குழிகள் தெரிந்தால் 600-இலிருந்து.

கத்தியைக் கழுவித் துடைத்து, அடுப்போரம் கொஞ்சநேரம் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெயோ, உணவு வெட்டும் கத்தி என்றால் தேங்காய் எண்ணெயோ ஒரு சொட்டு தடவி, உறைக்கு வெளியே செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். உறையைத் தலைகீழாகத் தட்டுங்கள். உள்ளே இருந்து மணல் விழுந்தால், பக்கங்களில் விழும் கீறலுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.